திருகோணமலையில் இருந்துகொண்டே கம்பனி பதிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலையில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பிரதான வீதிக் கடைக்காரர், நிலாவெளியில் படகு ஓட்டுபவர், அலஸ்தோட்டத்தில் அறை வாடகைக்கு விடுபவர் என்று யார் வந்தாலும் ஒரு கட்டத்தில் “கம்பனியாப் பதிஞ்சா என்ன?” என்று கேட்டுவிடுவார்கள். சந்தேகங்களும் அநேகமாக ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

இங்கே கம்பனி என்று சொல்வது பங்குகளால் பொறுப்பு வரையறுக்கப்பட்ட தனியார் கம்பனியை, அதாவது பிரைவேட் லிமிடெட்டை. அதற்கான சட்டம் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம்.

“பிரதேச செயலகத்தில பதிஞ்ச வியாபாரப் பெயர் எனக்கு இருக்கு. அப்ப கம்பனி இருக்குத்தானே?”

இல்லை. வியாபாரப் பெயர்ப் பதிவு என்பது ‘இன்ன ஆள் இன்ன பெயரில் தொழில் செய்கிறார்’ என்று அரசுக்கு அறிவிப்பது மட்டுமே. பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்தில் அந்தச் சான்றிதழை எடுத்த பிறகும் கடையும் நீங்களும் ஒரே ஆள்தான். கடைக்கு வந்த கடன் உங்கள் கடன். கடை மீது வழக்குப் போட்டால் அது உங்கள் மீதான வழக்கு.

கம்பனி பதிந்தால் சட்டத்தின் கண்ணில் புதிதாக இன்னொரு ஆள் பிறக்கிறார். அவர் தன் பெயரில் காணி வாங்கலாம், கடன் எடுக்கலாம், வழக்குப் போடலாம். நீங்கள் அவரிடம் பங்கு வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கீழே வருகிற பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன. ஆகவே இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதை வாசியுங்கள்.

“லிமிடெட் எண்டா எதுக்கு லிமிட்?”

உங்கள் பொறுப்புக்கு. உதாரணமாக, 1,000 பங்கு, ஒவ்வொன்றும் 100 ரூபா என்று போட்டு, 1 இலட்சம் ரூபாவைக் கம்பனிக்குக் கட்டிவிட்டீர்கள். கம்பனி படகு எஞ்சின் விற்பவருக்கு 8 இலட்சம் ரூபா கடன்பட்டு, கட்ட முடியாமல் முறிந்துபோகிறது. அவர் கம்பனியின் சொத்தில் இருந்து கிடைப்பதை எடுக்கலாம். நீங்கள் இழப்பது நீங்கள் போட்ட அந்த 1 இலட்சம் மட்டும்தான். பங்குக்குரிய காசை முழுதாகக் கட்டாமல் வைத்திருந்தால், கட்டாத மிச்சத்தை மட்டும் கேட்கலாம்.

“அப்ப கம்பனி விழுந்தா என்ர வீட்டை ஒருத்தரும் தொட ஏலாதோ?”

சட்டப்படி இது சரி. நடைமுறையில் இந்தப் பாதுகாப்பை நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். புதிய கம்பனிக்கு வங்கி லோன் கொடுக்கும்போது அநேகமாகப் பணிப்பாளரின் தனிப்பட்ட பிணையைக் கேட்கும். வீட்டு உறுதியை ஈடு வைக்கவும் கேட்கலாம். அதில் கையெழுத்து வைத்தால் அந்தக் கடன் அளவுக்கு லிமிடெட் என்ற சுவர் இல்லை. லோன் கடிதத்தில் ‘பிணை’ என்று வரும் பக்கத்தை நின்று நிதானமாக வாசியுங்கள். கணவரோ மனைவியோ கூடக் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தால் அவருக்கும் விளங்கப்படுத்துங்கள்.

இரண்டாவது, கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தோடு தொழில் நடத்தினால் நீதிமன்றம் அதில் தெரிந்தே சம்பந்தப்பட்டவர்களைத் தனிப்பட்ட பொறுப்பாளி ஆக்கலாம். மூன்றாவது, ஊழியர் சேமலாப நிதியைக் கட்டாமல் விட்டால் தொழில் திணைக்களம் பணிப்பாளர்களையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ‘கம்பனிதானே கட்டவில்லை’ என்ற பதில் அங்கே எடுபடாது.

“எத்தனை பேர் வேணும்? நான் தனிய செய்யலாமோ?”

தனியச் செய்யலாம். 2007 சட்டத்தின்படி ஒரு பங்குதாரரும் ஒரு பணிப்பாளரும் போதும், இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். தனியார் கம்பனியில் பங்குதாரர் 50 பேருக்கு மேல் போக முடியாது. ஊழியர்களும் முன்னாள் ஊழியர்களும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பொதுமக்களிடம் பங்கு வாங்குங்கள் என்று விளம்பரம் செய்யவும் முடியாது. பணிப்பாளருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், முறிவுற்றவராக நீதிமன்றம் அறிவித்து அதிலிருந்து விடுபடாதவராக இருக்கக் கூடாது.

ஒரே ஆள் கம்பனியை நீதிமன்றம் மதிக்குமா என்று சிலர் கேட்பார்கள். இதற்குப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. லண்டனில் சப்பாத்து செய்து விற்ற சலமன் என்பவர் தன் தொழிலைக் கம்பனியாக்கினார். அவர் தவிர மற்ற ஆறு பங்குதாரரும் அவருடைய குடும்பத்தவர், ஆளுக்கு ஒரு பங்குதான். கம்பனி முறிந்தபோது கடனை அவரே கட்டவேண்டும் என்றார்கள். 1897இல், அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் சபை, கம்பனி வேறு சலமன் வேறு என்று தீர்ப்புச் சொன்னது. நமது கம்பனிச் சட்டமும் அந்த அடித்தளத்தில் நிற்பதுதான்.

“செயலாளர் எண்டா கடிதம் எழுதுற ஆளோ? என்ர மனுசியைப் போடலாமோ?”

கம்பனிச் செயலாளர் என்பவர் கூட்டக் குறிப்பு, பங்குதாரர் பதிவேடு, கம்பனிப் பதிவாளருக்குப் போகவேண்டிய படிவங்கள் இவற்றைக் காலந்தவறாமல் பார்க்கிறவர். எல்லாக் கம்பனிக்கும் கட்டாயம் வேண்டும். நீங்கள் ஒரே பணிப்பாளர் என்றால் நீங்களே செயலாளராகவும் இருக்க முடியாது. இரண்டாவது ஆள் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

மனைவியைப் போடலாமா என்றால், மிகச் சின்னக் கம்பனிக்கு முடியும். விற்பனையோ மூலதனமோ விதிமுறையில் குறித்த அளவைத் தாண்டினால், தகுதி பெற்றுப் பதிவாளரிடம் பதிந்த செயலாளர்தான் இருக்கவேண்டும். அந்த அளவு பெரிய தொகை இல்லை, ஓரளவு ஓடுகிற கடை முதல் வருடமே தாண்டிவிடும். அதனால் தொடக்கத்திலேயே பதிவுபெற்ற ஒருவரைப் பிடியுங்கள். அவர் வருடத்துக்கு எவ்வளவு கேட்கிறார், அந்தக் காசுக்கு என்னென்ன செய்வார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘எல்லாம் நான் பார்க்கிறேன்’ என்று வாயால் சொன்னது மட்டும் இருந்த சில கம்பனிகளில், நான்கு வருடமாக ஒரு படிவமும் போகாமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

“இதுக்கு எத்தனை தரம் கொழும்புக்குப் போய்வர வேணும்?”

ஒரு தரமும் இல்லை. முன்பு இரவு ரயில் ஏறி, விடிய மருதானையில் இறங்கி, கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் வரிசையில் நின்றோம். இப்போது ஈ-ரொக் என்ற இணையவழி முறையில் எல்லாம் நடக்கிறது.

முதலில் உங்கள் விபரங்களைக் கொடுத்துக் கணக்குத் திறக்கிறீர்கள். பெயரைத் தேடிப் பார்த்து, கிடைத்தால் ஒதுக்கும்படி விண்ணப்பித்து, வங்கி அட்டையால் கட்டணம் கட்டுகிறீர்கள். பெயர் அனுமதிக்கப்பட்ட பிறகு கம்பனியின் விலாசம், பணிப்பாளர், செயலாளர், பங்குதாரர் விபரங்களை நிரப்புகிறீர்கள். நிரப்பியதும் படிவங்கள் தயாராகி வரும். படிவம் 1 பதிவுக்கான விண்ணப்பம். படிவம் 18 பணிப்பாளரின் சம்மதம், ஆளுக்கு ஒன்று. படிவம் 19 செயலாளரின் சம்மதம். இவற்றோடு அமைப்பு விதிகள், அதாவது கம்பனி எப்படி நடக்கவேண்டும் என்று எழுதிய விதிகள். அச்செடுத்து, கையெழுத்து வைத்து, ஸ்கேன் பண்ணி ஏற்றி, மிச்சக் கட்டணத்தைக் கட்டினால் பதிவாளர் பார்த்து அனுமதிப்பார், அல்லது திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்.

திருப்பி அனுப்புவதுதான் நம்மவர்களின் நேரத்தைத் தின்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். போன வருடம் ஒரு படகுக்காரத் தம்பி தன் படிவம் 18ஐக் கைத்தொலைபேசியால் படம் பிடித்தே அனுப்பியிருந்தார். தாளின் கீழ் மூலையில் அவருடைய பெருவிரல் தெரிந்தது, கையெழுத்தின் கடைசி எழுத்து அந்த விரலுக்குக் கீழே. பெயர் அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு முழுதாக இருக்க, படிவத்தில் முன்னெழுத்து மட்டும். விலாசம் ஒன்றில் உப்புவெளி, மற்றதில் திருகோணமலை. மூன்று திருத்தம், மூன்று தரம் அச்சு, நிலாவெளிக்கும் நகரத்துக்கும் மூன்று தரம் ஓட்டம். அதற்குப் பிறகு நான் யாரிடமும் முதலில் கேட்பது அடையாள அட்டையைத்தான். அதில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். கறுப்புப் பேனையால் கையெழுத்து வையுங்கள். ஸ்கேனரில் வைத்தே ஸ்கேன் பண்ணுங்கள்.

“நான் நினைச்ச பெயர் கிடைக்குமோ?”

வேறு யாரும் வைத்திராத பெயராக இருந்தால் கிடைக்கும். ‘ரிங்கோ’, ‘கோணேசர்’, ‘நிலாவெளி’ என்று தொடங்கும் பெயர்களை எங்கள் ஊரில் எல்லாரும் நினைப்பதால் இரண்டாம் மூன்றாம் தெரிவையும் கையில் வைத்திருங்கள். இருக்கிற பெயரில் ஒரு எழுத்தை மாற்றுவதும், கடைசியில் ‘என்டர்பிரைசஸ்’ சேர்ப்பதும் போதாது. தேசிய, அரச, இலங்கை, கூட்டுறவு போன்ற சொற்களை நினைத்தபடி சேர்க்க முடியாது. முடிவில் பிரைவேட் லிமிடெட் என்று வரவேண்டும். ஒதுக்கிய பெயர் மூன்று மாதத்துக்குத்தான் உங்களுக்காக இருக்கும், அதற்குள் மற்ற வேலையை முடியுங்கள்.

பெயர் கிடைத்ததால் அது உங்கள் வணிகக் குறி ஆகிவிடவில்லை. கருவாட்டுப் பொதியிலோ ஹோட்டல் பலகையிலோ அந்தப் பெயரையும் சின்னத்தையும் வேறு யாரும் பாவிக்காமல் காக்க வேண்டுமானால், 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தனியாகப் பதியவேண்டும். பெயர்ப் பலகை அடிக்கக் கொடுப்பதை, பெயர் அனுமதி வரும்வரை தள்ளிப் போடுங்கள்.

“வங்கியில எவ்வளவு காசு காட்ட வேணும்?”

காட்டவே தேவையில்லை. உள்ளூர் ஆட்கள் தொடங்கும் சாதாரண தனியார் கம்பனிக்குக் குறைந்தபட்ச மூலதனம் என்று சட்டத்தில் ஒன்று இல்லை. ஒவ்வொரு பங்குக்கும் நிலையான ஒரு விலையை எழுதிவைக்கும் ‘முகப்பெறுமதி’ என்ற பழைய முறையையும் 2007 சட்டம் எடுத்துவிட்டது. பங்குக்காகக் கம்பனிக்கு உண்மையில் வந்த தொகைதான் ‘கூறப்பட்ட மூலதனம்’.

ஆனாலும் 100 ரூபா மூலதனம் என்று போட்டுவிட்டு, 20 இலட்சம் ரூபா லோனுக்குப் போனால் வங்கி முகாமையாளர் அந்தத் தாளைப் பார்ப்பார். நீங்கள் உண்மையில் போடப்போகிற தொகையை மூலதனமாகக் காட்டுவது நல்லது. பிறகு கூட்டவேண்டுமானால் புதிய பங்கு வழங்கி, 20 வேலை நாட்களுக்குள் படிவம் 6 கொடுக்கலாம்.

“வாப்பாட வீட்டு விலாசத்தப் போட்டா அந்த வீடு கம்பனிக்குப் போயிருமா?”

கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு தம்பி கேட்டது. போகாது. பதிவு செய்த அலுவலகம் என்பது கம்பனிக்குக் கடிதமும் நீதிமன்ற அறிவித்தலும் வந்து சேரும் இடம். இலங்கைக்குள் எங்கேயும் இருக்கலாம். கிண்ணியாவோ மூதூரோ குச்சவெளியோ, வீடாகவும் இருக்கலாம், தபால் பெட்டி இலக்கம் மட்டும் போதாது. வாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள், ஏனென்றால் வரும் கடிதத்தை வாங்கிப் பத்திரமாக வைக்கப்போவது அவர்தான். இடம் மாறினால் படிவம் 13.

அந்த வீட்டிலேயே கம்பனி தொழில் நடத்தி வாடகை கட்டப்போகிறது என்றால் எழுத்து மூலம் ஒப்பந்தம் வையுங்கள். இடம் பணிப்பாளருடையதாக இருந்தால், அவருக்கு அதில் நலன் இருக்கிறது என்பதைக் கம்பனியின் நலன் பதிவேட்டில் எழுதவேண்டும்.

“அமைப்பு விதிகள் எண்டு கேக்கினம். சட்டத்தரணியிட்டக் குடுத்து எழுதுவிக்க வேணுமோ?”

கட்டாயம் இல்லை. சட்டத்தின் முதலாம் அட்டவணையில் மாதிரி விதிகள் இருக்கின்றன. தனி ஆள் கம்பனிக்கும் கணவன் மனைவி கம்பனிக்கும் அவை போதும். முந்திய 1982 சட்டத்தில் இருந்த அமைப்புப் பத்திரம் என்ற தனி ஆவணம் இப்போது இல்லை, பழைய கம்பனிக்காரர் யாராவது அதைக் கேட்டால் குழம்ப வேண்டாம்.

இரண்டு மூன்று பேர் காசு போடுகிறீர்கள் என்றால் என் கருத்து வேறு. யார் பங்கை யாருக்கு விற்கலாம், ஒருவர் இறந்தால் அவருடைய பங்கை மற்றவர்கள் வாங்க முடியுமா, எந்த முடிவுக்கு எல்லாருடைய சம்மதமும் வேண்டும் என்பவற்றைச் சட்டத்தரணியோடு இருந்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லாரும் சிரித்த முகத்தோடு இருக்கிற நாளில்தான் இதை எழுத முடியும்.

“நாங்க ரெண்டு பேரும் சின்ன வயசிலயிருந்து கூட்டாளிகள். பாதிக்குப் பாதி போடலாந்தானே?”

போடலாம். ஆனால் முந்திய பதிலில் சொன்ன எழுத்து வேலை மிக அவசியமாவது இந்தப் பிரிப்பில்தான். 50க்கு 50 என்றால் ஒருவர் ‘வேண்டாம்’ என்றதும் கம்பனி அப்படியே நின்றுவிடும். விசேட தீர்மானத்துக்கு 75 வீத வாக்கு வேண்டும், அமைப்பு விதியை மாற்றுவது அப்படிப்பட்ட ஒன்று. அதாவது 25 வீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் யாரும் அதைத் தடுக்கலாம்.

ஒருவர் காசு போட்டு மற்றவர் உழைப்பைப் போடுகிற கூட்டுகளில் நான் இப்படிச் சொல்வேன்: உழைக்கிறவருக்கு மாதச் சம்பளத்தைத் தனியாக வையுங்கள், பங்கைப் போட்ட காசின்படி பிரியுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், இலாபம் வராத மாதத்தில் உழைக்கிறவரின் வீட்டில் அடுப்பு எரியாது. முட்டினால் யார் யாருடைய பங்கை எந்த விலைக்கு வாங்குவது, அந்த விலையை யார் மதிப்பிடுவது என்பதையும் எழுதிவிடுங்கள்.

“சான்றிதழ் வந்திட்டு. இனி வேலை முடிஞ்சுதுதானே?”

கூட்டிணைப்புச் சான்றிதழில் பீவீ என்று தொடங்கும் இலக்கம் இருக்கும். அன்றிலிருந்து கம்பனி உயிரோடு இருக்கிறது, கூடவே வேலைகளும் தொடங்குகின்றன. 30 வேலை நாட்களுக்குள் கம்பனியின் பெயர், இலக்கம், விலாசம் மூன்றையும் பொது அறிவித்தலாக வெளியிடவேண்டும். வர்த்தமானியிலும், சிங்களம் தமிழ் ஆங்கிலம் என்ற மூன்று மொழி நாளேடுகளிலும். பலர் இந்தச் செலவை முன்கூட்டி எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். பில், கடிதத்தாள் எல்லாவற்றிலும் கம்பனியின் முழுப் பெயரும் இலக்கமும் வரவேண்டும்.

பிறகு வங்கிக் கணக்கு. சான்றிதழ், படிவம் 1, அமைப்பு விதிகள், கணக்குத் திறக்கவும் யார் கையெழுத்து வைப்பது என்றும் பணிப்பாளர் சபை எடுத்த தீர்மானம், அடையாள அட்டைகள் இவற்றைக் கொண்டு போங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கம்பனிக்கென்று டின் இலக்கம் (வரி செலுத்துபவர் அடையாள இலக்கம்) எடுங்கள், உங்கள் சொந்த இலக்கம் உதவாது. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதி வரும். ஊழியரிடம் 8 வீதம், கம்பனி 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனி 3 வீதம்.

தொழிலுக்கான அனுமதிகள் வேறு. கடைக்கும் பட்டறைக்கும் உங்கள் பகுதி உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். உல்லாசப் பயணிகளுக்கு அறை கொடுப்பவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதியவேண்டும். கம்பனிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டால் இவை தேவையில்லை என்று நினைத்து, சீசன் தொடங்கிய பிறகு ஓடியவர்கள் உண்டு. எங்கள் கரையில் ஏப்ரல், மேயிலேயே ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். தை மாதத்திலேயே இந்த வேலைகளைத் தொடங்குங்கள்.

“கம்பனி எண்டா வரி குறையுமாமே?”

இதைத்தான் ஆட்கள் ஆகப் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள், அதனால் கணக்கோடு சொல்கிறேன். 2025 ஏப்ரல் 1 முதல் தனி ஆளுக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு 5 இலட்சத்துக்கு ஒரு படியாக 18, 24, 30 என்று ஏறி, மிச்சத்துக்கு 36 வீதம். கம்பனிக்குப் பொதுவான வீதம் 30, முதல் ரூபாவில் இருந்தே. கம்பனிக்கு அந்த 18 இலட்ச விலக்கு இல்லை.

வருட இலாபம் 30 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். தனி ஆளாகச் செய்தால் வரி வருவது 12 இலட்சத்துக்கு. 10 இலட்சத்துக்கு 60,000, மிச்ச 2 இலட்சத்துக்கு 36,000, மொத்தம் 96,000 ரூபா. கம்பனியாகச் செய்து சம்பளம் எடுக்காமல் விட்டால் 9 இலட்சம் ரூபா. வேறு வருமானம் இல்லாத பணிப்பாளர் மாதம் 150,000 சம்பளம் எடுத்தால், அது கம்பனியின் செலவாகக் கழியும், அவருக்கும் விலக்கு எல்லைக்குள் அடங்கும். அப்போது கம்பனியில் மிஞ்சும் 12 இலட்சத்துக்கு 3 இலட்சத்து 60,000 வரி. வரி கட்டிய பிறகு மிஞ்சியதைப் பங்கிலாபமாக எடுக்கும்போது இன்னும் 15 வீதம் பிடிக்கப்படும்.

ஆகவே வரிக்காக மட்டும் சின்ன வியாபாரத்தைக் கம்பனியாக்காதீர்கள். ஏலம் கேட்கவேண்டும், பெரிய நிறுவனம் உங்களிடம் பொருள் எடுக்கக் கம்பனி கேட்கிறது, பங்காளி காசு போடுகிறார், தொழிலில் கடன் ஆபத்து பெரியது போன்ற காரணம் இருந்தால் பதியுங்கள். பெறுமதி சேர் வரிக்கான விற்பனை எல்லை கம்பனிக்கும் தனி ஆளுக்கும் ஒன்றுதான், அது வரவு செலவுத் திட்டங்களில் மாறிக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு வருடமும் கேட்டுப் பாருங்கள்.

“கம்பனிக் காசு என்ர காசுதானே?”

முதல் கேள்விக்குப் போங்கள்: கம்பனி இன்னொரு ஆள். அந்த ஆளின் காசு உங்கள் காசு இல்லை, நூறு வீதப் பங்கும் உங்களிடம் இருந்தாலும்.

ஒரு கடைக்கார அண்ணர். நல்ல உழைப்பாளி, கணக்கில் கை சுத்தம். மகளின் சாமத்திய வீட்டுக்கு மண்டபக்காரருக்கும் சமையல்காரருக்கும் கம்பனிக் காசோலையிலேயே கொடுத்துவிட்டார். காசோலைப் புத்தகத்தின் அடித்துண்டில் ‘பந்தல்’ என்று மட்டும் எழுதியிருந்தது. வருடக் கடைசியில் அந்த அடித்துண்டை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரு மாலை முழுதும் இருந்தோம். அது கடைத் திறப்பு விழாவுக்குப் போட்ட பந்தலா, வீட்டு விசேஷமா என்று அவருக்கே முதலில் நினைவு வரவில்லை. கடைசியில் அவர் கம்பனிக்குத் தரவேண்டிய கடனாக எழுதி, ஆறு மாதத்தில் திருப்பிக் கட்டினார்.

காசு எடுக்கச் சரியான வழிகள் உண்டு: சம்பளம், பங்கிலாபம், அல்லது நீங்கள் கம்பனிக்குக் கொடுத்த கடனைத் திருப்பி எடுப்பது. பங்கிலாபம் எடுக்குமுன் கம்பனி கடன் தீர்க்கும் வல்லமைச் சோதனையில் தேறவேண்டும். வழமையான கொடுப்பனவுகளை உரிய நேரத்தில் கட்ட முடியவேண்டும், சொத்து கடனையும் கூறப்பட்ட மூலதனத்தையும் சேர்த்ததைவிடக் கூட இருக்கவேண்டும். பணிப்பாளர்கள் இதைப் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும்.

“கனடாவில இருக்கிற அண்ணர் காசு போடுறார். அவரைப் பங்குதாரராப் போடலாமோ?”

பங்குதாரராகவும் பணிப்பாளராகவும் போடலாம். அவர் வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர் என்றால் மூன்று விஷயம் பார்க்கவேண்டும். ஒன்று, பங்குக்கான காசு இங்குள்ள வங்கியில் அவர் பெயரில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வரவேண்டும். தங்கச்சியின் கணக்குக்கு அனுப்பி, அவர் எடுத்துக் கட்டினால், நாளைக்குப் பங்கை விற்று அந்தக் காசைத் திருப்பி அனுப்பும்போது வழி இருக்காது.

இரண்டாவது, எல்லாத் தொழிலிலும் வெளிநாட்டவர் பங்கு எடுக்க முடியாது. கரையோர மீன்பிடி, அடகுபிடித்தல், 50 இலட்சம் அமெரிக்க டொலருக்குக் குறைந்த மூலதனத்தோடு செய்யும் சில்லறை வியாபாரம் அவர்களுக்கு மூடப்பட்டவை. எங்கள் ஊரில் ‘அண்ணர் காசு போடுறார்’ என்று வரும் யோசனைகளில் பாதி வள்ளமும் கடையும்தான், அதனால் இதை முதலில் பாருங்கள்.

மூன்றாவது காணி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டவர் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்குக் காணி உரிமை மாற்றம் செய்ய முடியாது. குறைவாக இருக்கும்போது வாங்கிவிட்டுப் பிறகு ஏற்றவும் முடியாது, 20 வருடம் அதே எல்லைக்குள் இருக்கவேண்டும். குத்தகைக்கு எடுக்க வழி உண்டு. அண்ணர் இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் காணி விஷயத்தில் நிலைமை வேறு, அந்தச் சான்றிதழைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

“அவர்ர பெயர் வராம, என்ர பெயரிலயே பங்கைப் போட்டு வைக்கலாந்தானே?”

வேண்டாம். கம்பனிக்குப் பின்னால் உண்மையில் பயன் பெறும் உரிமையாளர் யார் என்று வெளிப்படுத்தும் கடமையை 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. அதைவிட எனக்குக் கவலை குடும்பத்தைப் பற்றியது. காகிதத்தில் பங்கு உங்களுடையது. நாளைக்கு உங்களுக்கு ஒன்று நடந்தால் அது உங்கள் பிள்ளைகளுக்குப் போகும், அண்ணருக்கு இல்லை. இந்த ஒரு விஷயத்தால் கோயில் திருவிழாவில் கூட முகம் பார்க்காமல் நிற்கிற சகோதரர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

“இருக்கிற கடையை அப்பிடியே கம்பனியா மாத்தித் தருவினமோ?”

மாற்றம் என்று ஒன்று இல்லை. புதிய கம்பனி பதிந்து, கடையின் சரக்கு, தளபாடம், வாகனம், தரவேண்டிய பெறவேண்டிய காசு இவற்றை ஒரு திகதியில் கம்பனிக்குக் கைமாற்றவேண்டும். ஏப்ரல் 1 வசதியான திகதி, வரி வருடம் அன்றுதான் தொடங்குகிறது. கட்டட வாடகை ஒப்பந்தம், மின்சார பில், உரிமங்கள், வாகனப் பதிவு, காப்புறுதி ஒவ்வொன்றும் பெயர் மாறவேண்டும். பழைய கடைக்கு நீங்கள் பட்ட கடன் உங்களோடுதான் இருக்கும், கடன் கொடுத்தவர் சம்மதித்தால் ஒழியக் கம்பனி மீது ஏற்ற முடியாது.

“கம்பனி ரெண்டு வருசமா ஓடேல்ல. அப்பவும் படிவம் போட வேணுமோ?”

வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை படிவம் 15, ஆண்டு விவரத்திரட்டு, பதிவாளருக்குப் போகவேண்டும். முதல் ஆண்டுப் பொதுக்கூட்டம் பதிந்து 18 மாதத்துக்குள், பிறகு ஒவ்வொரு வருடமும், இரண்டு கூட்டத்துக்கு இடையில் 15 மாதத்துக்கு மேல் போகாமல். பணிப்பாளர் மாறினால் 20 வேலை நாட்களுக்குள் படிவம் 20. மார்ச் 31இல் முடியும் வருடத்துக்கான வருமான வரி விவரத்திரட்டு நவம்பர் 30க்குள், வருமானம் பூச்சியம் என்றாலும்.

விட்டுவிட்டால் பிந்திய கட்டணம் சேரும். பதிவாளர் கம்பனி செயலற்றுப் போய்விட்டது என்று கருதினால் பதிவேட்டில் இருந்து பெயரை வெட்டலாம். அப்போது கம்பனியின் பெயரில் மிஞ்சியிருக்கும் சொத்து உரிமையாளரில்லாச் சொத்தாக அரசுக்குப் போகும். வங்கியில் கிடக்கும் காசும், கம்பனி பெயரில் எழுதிய காணியும் அதில் அடங்கும். இனிமேல் நடத்தப்போவதில்லை என்று முடிவெடுத்தால் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடனையும் வரியையும் ஊழியர் நிதிகளையும் தீர்த்து, மிஞ்சியதை முறைப்படி பங்குதாரருக்குப் பிரித்து, வங்கிக் கணக்கை மூடி, அதன் பிறகு பெயரை நீக்கும்படி செயலாளர் மூலம் விண்ணப்பியுங்கள். பதிவேடுகளும் காசோலை அடித்துண்டுகளும் இருக்கிற பெட்டியை மட்டும் எறிந்துவிடாதீர்கள், வரித் திணைக்களத்தில் இருந்து கேள்வி வந்தால் அந்தப் பெட்டி தேவைப்படும்.